மூலத்தைத் தேடி – 9: பாகூரில் ஒரு கல்லூரி

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எப்படிப் படிப்பது என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் அரிக்கமேடு என்று சொல்லியிருந்தேன். ஆனால் பாகூர் குறுக்கே வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

நோணாங்குப்பத்தில் ஒரு கல்லூரி மாணவி தன் அசைன்மென்ட்டைக் காட்டினார். 'உங்கள் வட்டாரத்தின் பழைய வரலாறு, மூலச் சான்றுகளுடன்' என்பது தலைப்பு. கடைசிப் பக்கத்தில் நான்கு இணைய முகவரிகள். நான்கிலும் இருந்தது ஒரே பத்தி, எழுத்துப்பிழை உட்பட. "அரிக்கமேட்ட விட்டா இந்தப் பக்கம் பழசா எதுவும் இல்ல சார்" என்றார்.

இருக்கிறதம்மா. அதுவும் மாணவர்களைப் பற்றியே இருக்கிறது!

நோணாங்குப்பத்துக்குத் தெற்கே, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் பாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டன: சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. வித்தியாஸ்தானம் என்றால் உயர்கல்வி நிலையம். படிப்பு நடக்க மூன்று ஊர் வருவாய்! வேண்டிக்கொண்டவர் நிலைதாங்கி என்னும் தலைவர், ஆணையிட்டவர் அரசர். வடமொழியிலும் தமிழிலுமாகச் செப்பேட்டில் வெட்டிக் கொடுத்தார்கள். கொடை என்றால் வாய்ச்சொல்லோடு முடிவதில்லை. நாட்டார் எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு அடையாளமிட வேண்டும். பல்லவர் காலத்து நிலப்பதிவு அப்படித்தான் நடந்தது. இதையெல்லாம் படிக்கும்போது, ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு நகர்வதைக் கூட நின்று பார்ப்பதுபோல இருக்கிறது.

அந்த ஏடுகள் இன்று பாரீசில், பிரான்சின் தேசிய நூலகத்தில். அதற்காக மாணவி விமானம் ஏற வேண்டாம். ஹூல்ட்ஷ் படித்துப் பதிப்பித்த பாடம் 'எபிகிராபியா இண்டிகா' 18-ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. பாகூர் மூலநாதர் கோயில் சுவரிலோ சோழர் கல்வெட்டுகளோடு ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவனின் கல்வெட்டும் இருக்கிறது. பாகூர் குப்புசாமி ஊர் ஊராகத் தேடித் திரட்டியவை 'புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுக்கள்' என்று 2006-இல் நூலாகவே வந்துவிட்டன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து நூலகத்தில் கேளுங்கள்.

ஆக, பஞ்சம் சான்றுக்கு இல்லை. எந்த நூலில், எந்தத் தொகுதியில் என்று வழிகாட்டுவோருக்குத்தான். தலைப்பை மட்டும் கொடுத்து அனுப்பினால் பிள்ளைகள் கூகுளிடம் போகாமல் எங்கே போவார்கள்? நகல் எடுத்தார்கள் என்று மதிப்பெண்ணைக் குறைப்பதில் நியாயமில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு நூலின் பெயரும் அது கிடைக்கும் இடமும் எழுதிக் கொடுங்கள். மாணவர்களே, அச்சான பாடத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். பிறகு அந்த நான்கு முகவரிகளும் தேவைப்படாது.

அரிக்கமேடும், அதை 'பொதுகே' என்று குறித்ததாகக் கருதப்படும் கிரேக்க மாலுமியின் கையேடும் அடுத்த வாரம்.