இசுசு போட்ட அம்பாசடரும் பொறியின் நேரமும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், விஷயம் கொஞ்சம் நீளம்.

பெங்களூரு வைட்ஃபீல்டில் ஐடி கூட்டம் இறங்காத ஞாயிறு காலையில்தான் பழைய அம்பாசடர்கள் வெளியே வரும். சிலவற்றில் பானட்டைத் திறந்தால் 1489 சிசி பிஎம்சி என்ஜின் இருக்காது. 1817 சிசி இசுசு உட்கார்ந்திருக்கும். அதில் தப்பில்லை, இந்துஸ்தான் மோட்டார்ஸே 1990-களின் தொடக்கத்தில் அதே மாற்றத்தைச் செய்தது. (வெளியில் மாற்றியவர்கள் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சியில் புது என்ஜின் எண்ணை ஏற்ற வேண்டும். நமக்கு அந்த ஆர்டிஓ கே.ஆர்.புரம்.)

என்ஜின் மாறியதும் வரும் அடுத்த ஆசை, டிஸ்ட்ரிபியூட்டரின் காண்டாக்ட் பாயின்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது. போடலாம். ஆனால் பெரிய காயில், கொழுத்த பொறி என்று போவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: பொறியின் பலத்தைவிட அது விழும் நேரம் முக்கியம்.

பெட்ரோல் கலவை பற்றி எரிய ஓரிரு மில்லி செகண்டு ஆகும். ஐடிலில், 800 ஆர்பிஎம்மில், ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 5 டிகிரிகூடத் திரும்பாது. 3000 ஆர்பிஎம்மில் அதே நேரத்தில் 18 டிகிரி ஓடிவிடும். அதனால் வேகம் கூடக்கூடப் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு எடைக்கட்டிகளும் ஸ்பிரிங்குகளும் செய்வது அதைத்தான். எந்த வேகத்தில் எத்தனை டிகிரி என்பது அந்தந்த என்ஜினின் கம்பஷன் சேம்பரைப் பொறுத்தது. ஒரு என்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டரை இன்னொன்றுக்கு வளைத்துப் பொருத்தினால் வண்டி ஓடும். ஏற்றத்தில் இழுக்காது, அல்லது நாக்கிங் அடிக்கும். எலக்ட்ரானிக் மாட்யூல் இதைச் சரிசெய்யாது, அது பாயின்டின் இடத்தைத்தான் பிடிக்கிறது. எனவே இசுசுவுக்கு இசுசு டிஸ்ட்ரிபியூட்டரே இருக்கட்டும்.

மாட்யூலால் லாபம் இல்லாமல் இல்லை. நாலு சிலிண்டர் என்ஜின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 பொறி கேட்கிறது. பாயின்ட் ஒவ்வொரு முறையும் திறந்து மூடுகிறது. அதன் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து, டைமிங் பின்னால் போகும். இரண்டு வருடமாக ஃபீலர் கேஜ் படாத வண்டிக்கு மாட்யூல் போட்டதும் புது உயிர் வந்ததாகச் சொல்வார்கள். அதில் பாதிப் பெருமை, பாயின்டைச் சரியாக வைத்திருந்தாலே கிடைத்திருக்கும். சென்னையில் பஸ் ஸ்டாப்புக்கே பெயர் கொடுத்த பாடி லூகாஸ்-டிவிஎஸ்காரர்களின் பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டர்கள் நன்றாகவே உழைத்தவை.

கவனம் வைக்க வேண்டிய இடம் வயரிங். காயிலின் பிரைமரியை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 3 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர், நிம்மதி. 1.5 ஓம் என்றால் அது பேலஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்ந்து வேலை செய்யப் பிறந்தது. பழைய அம்பாசடர் வயரிங்கில் அந்த ரெசிஸ்டர் இல்லாமல் நேரே கொடுத்தால் 8 ஆம்பியர் வரை பாயும்; காயில் கொதிக்கும், மாட்யூல் போய்விடும். மாட்யூல்காரர் தாளில் எத்தனை ஓம் கேட்கிறாரோ அதையே வாங்குங்கள்.

முப்பது வருடச் சாவி சுவிட்ச் வழியாக வரும் கரண்ட் காயிலில் 10 வோல்ட்டாக மெலிந்திருக்கலாம். பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு தனி வயர் இழுத்து, ஒரு ரிலே வைத்தால் தீர்ந்தது. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே புது எர்த் பட்டையும் போடுங்கள். என்ஜின் மாற்றியவர்கள் மறப்பது இதைத்தான். பிளக் வயர் ரெசிஸ்டன்ஸ் உள்ளதாக இருக்கட்டும், வெறும் செம்பு வயரின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். என்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்காதீர்கள்.

கடைசியில் டைமிங் லைட். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, இசுசு சொல்லும் டிகிரியில் வையுங்கள். வைட்ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே காற்று லேசு, அதனால் டைமிங்கைச் சற்றுக் கூட்டி வைத்தாலும் என்ஜின் முனகாது. அதே வண்டியைச் சென்னைக்கு இறக்கினால், அடர்ந்த காற்றிலும் வெயிலிலும் நாக்கிங் அடிக்கும். வேலூர் பக்கம் அந்தச் சத்தம் கேட்டால் பெட்ரோல் பங்கைத் திட்டாமல், ஓரங்கட்டி இரண்டு டிகிரி குறைத்துவிடுங்கள்.