கோடை ஆய்வுப் பயிற்சி: முதல் லேப்டாப்புடன் புறப்படும் முன்...

கல்லூரியில் அறிவியல் அல்லது பொறியியல் படிக்கும் மாணவர்கள், கோடை விடுமுறையில் ஓர் ஆய்வு நிறுவனத்திலேயே தங்கி, விஞ்ஞானி ஒருவரின் கீழ் ஆய்வு செய்திடப் பல திட்டங்கள் உள்ளன. 1934ல் சர் சி.வி.ராமன் பெங்களூருவில் தொடங்கிய இந்தியன் அகாடமி ஆப் சயின்சஸ், டில்லி மற்றும் பிரயாக்ராஜில் உள்ள மற்ற இரு தேசிய அறிவியல் அகாடமிகளுடன் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதப் பயிற்சி இவற்றில் பலரும் அறிந்தது. புனேயில் வானியலுக்கான ஐயூகா, பெங்களூருவில் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், சென்னையில் ஐ.ஐ.டி. ஆகியவையும் தனித்தனியே இத்தகைய பயிற்சி அளிக்கின்றன.

தேர்வாகிவிட்டதாக மெயில் வந்தவுடன், பல வீடுகளில் நடக்கும் முதல் வேலை லேப்டாப் வாங்குவதுதான். வாங்கிய இரண்டாவது வாரத்தில் அதைப் பையில் வைத்துக் கொண்டு மாணவர் ரயில் ஏறிவிடுவார். அதற்குள் படம் பார்க்கவும் மெயில் அனுப்பவும் பழகியிருப்பார். அங்கே தேவைப்படுவது வேறு.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். எட்டு வாரம் என்பது 56 நாட்கள். சனி, ஞாயிறு போக 40 நாட்கள். நெட் இணைப்பு கிடைக்கவில்லை, சாப்ட்வேர் இறங்கவில்லை என முதல் ஐந்து நாட்கள் போனால், எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. இறுதியில் அறிக்கை எழுதித் தர வேண்டும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த விஞ்ஞானி தரும் சிபாரிசுக் கடிதம் மிகவும் உதவும். எனவே அந்த ஐந்து நாட்களை வீட்டிலேயே முடித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

லேப்டாப் யார் பெயரில் இருக்கிறது?

இது என்ன கேள்வி, பில் நம் பெயரில்தானே இருக்கிறது என எண்ணலாம். பில்லைப் பற்றிக் கேட்கவில்லை. விண்டோஸ் 11 சிஸ்டத்தை முதலில் இயக்குகையில், ஒரு மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கேட்கும். சில கடைகளில், வாடிக்கையாளரிடம் மெயில் முகவரி தயாராக இல்லை என்றால், கடைக்காரரே தன் அக்கவுண்ட்டில் நுழைந்து எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடுவார். உதவி என்றுதான் செய்கிறார். ஆனால் இதில் ஒரு சிக்கல் உள்ளது.

புதிய லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் தானாகவே பூட்டி வைக்கப்படுகின்றன. இதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். 2024ல் வந்த விண்டோஸ் 11ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, இது மேலும் பல கம்ப்யூட்டர்களில் தானாகவே இயங்கத் தொடங்கிவிட்டது. தினமும் பயன்படுத்துகையில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால், ஆய்வகத்தில் ஒரு சீனியர் "லினக்ஸ் போட்டுத் தருகிறேன்" என்று பயாஸ் அமைப்பில் சிலவற்றை மாற்றிவிட்டு மீண்டும் இயக்கினால், நீல நிறத் திரை ஒன்று வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்த எண் எங்கே இருக்கும்? லேப்டாப்பை முதலில் இயக்கியபோது கொடுத்த மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில். அது கடைக்காரருடையது என்றால், நீங்கள் பெங்களூருவிலிருந்து மதுரைக்கு போன் செய்து அவரைத் தேட வேண்டியதுதான். எண் கிடைக்காவிட்டால் உள்ளே உள்ள பைல்களைத் திரும்பப் பெற வழியே இல்லை.

இதைத் தவிர்க்க, புறப்படும் முன்னரே செட்டிங்ஸ் சென்று, அக்கவுண்ட்ஸ் பிரிவில் யாருடைய மெயில் முகவரி உள்ளது எனப் பாருங்கள். வேறு யாருடையதாவது இருந்தால், உங்கள் அக்கவுண்ட்டிற்கு மாற்றிக் கொள்ளுங்கள். அடுத்து, ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகி உள்ளதா எனக் கவனியுங்கள். ஆன் ஆகி இருந்தால், உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் பக்கத்தில் அந்த 48 எண்களைக் கண்டறிந்து, ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒரு பிரதியும் உங்கள் பெட்டியில் ஒரு பிரதியும் வையுங்கள். லேப்டாப் பையில் வைக்க வேண்டாம். பூட்டோடு சாவியைத் தொங்கவிடுவது போல ஆகிவிடும்.

இதே போல இன்னொன்று. பல மாணவர்களின் மெயிலுக்கும் பேங்க் அக்கவுண்ட்டிற்கும் அப்பாவின் மொபைல் எண்தான் கொடுக்கப்பட்டிருக்கும். புதிய கம்ப்யூட்டரில் நுழைகையில், ஓ.டி.பி. அப்பாவிற்குச் செல்லும். அவர் வயலிலோ, பஸ்சிலோ இருப்பார். மெயிலுக்கு உங்கள் எண்ணைக் கொடுத்து, அப்பாவின் எண்ணை இரண்டாவதாக வைத்துக் கொள்ளுங்கள்.

கருப்புத் திரைக்குப் பயம் வேண்டாம்

இயற்பியல், வானியல், உயிரியல் தகவல் ஆய்வு என எதுவானாலும், பல ஆய்வகங்களில் லினக்ஸ்தான் இயங்குகிறது. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸ் சிஸ்டமும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய அதை எத்தனை பேர் ஒருமுறையாவது திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்!

லினக்ஸ் கற்றுக்கொள்ள, ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து புதிய சிஸ்டம் அமைக்க வேண்டியதில்லை. விண்டோசுக்கு உள்ளேயே லினக்ஸ் இயக்க, மைக்ரோசாப்ட் ஒரு வசதியைத் தந்துள்ளது. இதன் பெயர் டபிள்யூ.எஸ்.எல். ஸ்டார்ட் மெனுவில் பவர்ஷெல் எனத் தேடி, அதில் ரைட் கிளிக் செய்து, ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் திரையில், டபிள்யூ.எஸ்.எல். என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களைச் சிறிய எழுத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, இடைவெளி இல்லாமல் இரண்டு ஹைபன்களும் இன்ஸ்டால் என்ற சொல்லும் அமைத்து என்டர் தட்டவும். உபுண்டு லினக்ஸ் டவுண்லோட் ஆகி அமைக்கப்படும். பின் கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திடவும். அளவு பெரியது என்பதால், வீட்டில் நல்ல நெட் இணைப்பு உள்ளபோதே இதை முடித்துவிடுங்கள்.

அதன் பின்னர், போல்டர்களுக்கு இடையே செல்வது, பைலைக் காப்பி செய்வது, பெயர் மாற்றுவது, அழிப்பது ஆகிய கட்டளைகளைப் பழகினால் போதும். தினம் அரை மணி நேரம் என ஒரு வாரம் போதுமானது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இங்கு அழித்த பைல் ரீசைக்கிள் பின்னுக்குச் செல்லாது. போனது போனதுதான்.

ஆய்வகத்தின் பெரிய கம்ப்யூட்டருடன் இணைய எஸ்.எஸ்.ஹெச். என்ற கட்டளை பயன்படும். 2018 முதல் விண்டோசிலேயே இது உள்ளது. இணைந்தவுடன் கிடைக்கும் கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கீட்டை நேரடியாக ஓடவிடக் கூடாது. அது எல்லாரும் நுழையும் வாசல். அங்கே நீங்கள் பாயை விரித்துப் படுத்தால், மற்றவர்கள் எப்படி உள்ளே போவார்கள்? வேலையை வரிசையில் சேர்ப்பதற்கென தனிக் கட்டளை இருக்கும். முதல் நாளே சீனியரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

முதல் நாள்: நெட் இணைப்பு

வளாகத்தில் வை-பி இருக்கும். ஆனால் வீட்டில் போல பாஸ்வேர்ட் கேட்டு வாங்கி இணைத்துக்கொள்ள முடியாது. பல நிறுவனங்களில், உங்கள் லேப்டாப்பின் மேக் முகவரியைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். இது 12 எழுத்துக்களும் எண்களும் கலந்த ஓர் அடையாளம். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வை-பி, ஹார்ட்வேர் ப்ராப்பர்டீஸ் எனச் சென்றால் கீழே காட்டப்படும். முன்பே எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

மொபைல் போனில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆண்ட்ராய்ட் 10 முதலும், ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14 முதலும், ஒவ்வொரு வை-பி இணைப்பிற்கும் போன் ஒரு பொய்யான மேக் முகவரியைக் காட்டுகிறது. பொது இடங்களில் இது நல்ல பாதுகாப்பு. ஆனால், படிவத்தில் உண்மையான முகவரியை எழுதிவிட்டு, போன் வேறு ஒன்றைக் காட்டினால், எப்படி இணைப்பு கிடைக்கும்? அந்த ஒரு வை-பி இணைப்பிற்கு மட்டும், அதன் செட்டிங்ஸ் பிரிவில் போனின் உண்மையான மேக் முகவரியைப் பயன்படுத்தும்படி மாற்றவும்.

சில அரசு ஆய்வுக்கூடங்களில் லேப்டாப், பென் டிரைவ், கேமரா போன் எதற்கும் அனுமதி கிடையாது. அழைப்புக் கடிதத்தில் இதைப் பார்த்துவிட்டுப் பெட்டியை அடுக்கவும். அனுமதி உண்டு என்றாலும், வாசலில் செக்யூரிட்டி லேப்டாப்பின் சீரியல் எண்ணைப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். பில்லின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

வளாக நெட்வொர்க்கில், பணம் கட்டிப் படிக்க வேண்டிய ஆய்விதழ்கள் இலவசமாகத் திறக்கும். 2025 ஜனவரி முதல் மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில், அரசு கல்வி மற்றும் ஆய்வு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. ஆஹா எனக் கண்டதை எல்லாம் மொத்தமாக டவுண்லோட் செய்யும் புரோகிராம்களை இயக்காதீர்கள். பதிப்பாளர் இதைக் கண்டறிந்தால், உங்களை மட்டுமல்ல, நிறுவனம் முழுவதையுமே நிறுத்தி வைக்கலாம். தேவையான கட்டுரைகளை ஒவ்வொன்றாக இறக்கி, சோட்டரோ என்ற இலவச புரோகிராமில் சேர்த்து வாருங்கள். அறிக்கை எழுதும்போது, மேற்கோள் பட்டியலை அதுவே அமைத்துத் தரும்.

பென் டிரைவ் எச்சரிக்கை

ஆய்வகக் கருவிகளுடன் இணைந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். கோடி ரூபாய் மதிப்புள்ள கருவி, பக்கத்தில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர்! கருவிக்கான சாப்ட்வேர் அதில் மட்டுமே இயங்கும் என்பதால் அப்படியே வைத்திருப்பார்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கானதை 2020 ஜனவரியிலும் நிறுத்திவிட்டது. பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் செருகிய உங்கள் பென் டிரைவை அதில் செருகினால், ஒரு வைரஸ் அந்தக் கருவியையே முடக்கிவிடலாம். கேட்காமல் செருகவே கூடாது. புதிய பென் டிரைவ் ஒன்றை இதற்கென்றே வைத்துக் கொள்ளுங்கள். ஒரே பைல் 4 ஜிபிக்கு மேல் இருந்தால், பேட் 32 முறையில் பார்மட் செய்த டிரைவ் அதை ஏற்காது. எக்ஸ் பேட் முறையில் பார்மட் செய்திடவும். மிகப் பழைய கம்ப்யூட்டர் எனில் அது எக்ஸ் பேட் டிரைவைப் படிக்கிறதா எனக் கேட்டுவிடுங்கள்.

திருட்டு சாப்ட்வேர் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். நண்பர் தந்த கிராக் செய்த மேட்லாப்பை வைத்துக் கொண்டு வளாக நெட்வொர்க்கில் இணைய வேண்டாம். நிறுவனத்திடமே லைசென்ஸ் இருக்கலாம், கேளுங்கள். இல்லையேல் ஆக்டேவ் உள்ளது. நுண்ணோக்கிப் படங்களுக்கு இமேஜ்-ஜே உள்ளது. இரண்டும் இலவசம்.

அன்றைய டேட்டா அன்றைக்கே

பைலுக்குப் பெயர் சூட்டுகையில், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்கங்களை முதலில் அமைத்து, பின் சோதனையின் பெயரைத் தாருங்கள். அப்போதுதான் பட்டியல் தேதி வாரியாக நிற்கும். "புதியது", "கடைசி", "உண்மையான கடைசி" எனப் பெயரிட்டால், ஏழாவது வாரம் உங்களுக்கே புரியாது.

லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, ஆய்வக சர்வரில் அல்லது நெட்டில் ஒன்று என மூன்று பிரதிகள் வேண்டும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் உங்கள் மெயிலும் போட்டோக்களும் அடங்கும். ஒன் டிரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபிதான். நெட்டில் வைக்கும் முன், வழிகாட்டியிடம் அனுமதி பெறுங்கள். வெளியாகாத ஆய்வு முடிவு உங்கள் சொத்து மட்டுமல்ல. அதை வாட்ஸ் அப் ஸ்டேட்டசில் போடுவதும், சாட்-ஜிபிடி போன்றவற்றிடம் கொடுத்து விளக்கம் கேட்பதும் கூடாது. கூகுள் கோலாப்பில் வேலை செய்தால், அதன் தற்காலிக டிஸ்க்கில் உள்ளவை இணைப்பு முடிந்ததும் அழிக்கப்படும். அவ்வப்போது டிரைவிற்கு மாற்றவும்.

பெட்டியில் வைக்க

விடுதி அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று அவசியம். ஆதார், கல்லூரி அடையாள அட்டை, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல் எடுத்துக் கொள்ளுங்கள். உதவித்தொகை முதல் நாளே வராது. முதல் மாதச் செலவுக்குப் பணம் வேண்டும். பள்ளியில் படிக்கையில் தொடங்கிய அக்கவுண்ட்டில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வரவு செலவு இல்லை என்றால், அது முடங்கியிருக்கலாம். கிளைக்கு நேரில் சென்று சரி செய்திடவும். கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள் எனில், ரயில் டிக்கெட்டைப் பத்திரப்படுத்தவும்.

பெங்களூரு செல்பவர்கள் டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயரைக் கவனிக்கவும். மெஜஸ்டிக் பகுதியில் உள்ள கே.எஸ்.ஆர்., கண்டோன்மெண்ட், யஷ்வந்த்பூர், 2022ல் திறந்த எஸ்.எம்.வி.டி. என அங்கு பல உண்டு. ஐ.ஐ.எஸ்சி. வளாகத்திற்கு யஷ்வந்த்பூர் அருகில். ஜூனில் மழை தொடங்கிவிடும். லேப்டாப்பிற்கு நனையாத உறையும், உங்களுக்கு ஒரு ஸ்வெட்டரும் எடுத்துச் செல்லுங்கள். போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தி, கிடைக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். தொலைந்தால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் மூலம் போனை முடக்க அது தேவைப்படும்.

எட்டாவது வாரத்தில், உங்களுக்குத் தந்த வளாக அக்கவுண்ட் எந்தத் தேதியில் மூடப்படும் எனக் கேட்டுக் கொள்ளுங்கள். அதற்கு முன், வழிகாட்டி அனுமதிக்கும் பைல்களைக் காப்பி செய்துகொண்டு, எந்தப் பைலில் என்ன உள்ளது என ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஆய்வகத்தில் வைத்துவிட்டு வாருங்கள். பொதுக் கம்ப்யூட்டர்களில் உங்கள் மெயிலிலிருந்து வெளியேறிவிட்டீர்களா என ஒருமுறை பார்த்துவிடவும்.