பொங்கல் லீவில் 15 நிமிஷம்: காக்காவும் கணக்குல வரும்!

செங்கல்பட்டு மாவட்டத்தில் பறவை பார்க்கணும்னா எல்லோரும் வேடந்தாங்கலுக்குக் கிளம்பிடுவோம். சரி, மாமல்லபுரத்தில் நம்ம வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளை யார் எண்ணுவது?

நாமதான்! பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. பொங்கலையொட்டிய 4 நாள்களில், தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ குறைந்தது 15 நிமிஷம் நில்லுங்க. கண்ணில் பட்ட, குரல் கேட்ட பறவைகளை எண்ணி 'இ-பேர்ட்' ஆப்பில் பதிவிடுங்க.

'வெறும் காக்கா, மைனாதானே' என்று விட்டுடாதீங்க. நாளைக்கு மைனா குறைந்தால், அதைச் சொல்லப்போவது இந்தப் பதிவுகள்தான். இந்தியா முழுக்கப் பறவை ஆர்வலர்கள் இப்படிச் சேர்த்த தரவுகளை வைத்தே, 178 இனங்களைப் பாதுகாக்க முன்னுரிமை தேவை என்று 2023-ல் ஓர் அறிக்கை எச்சரித்தது.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி உங்க தோட்டத்திலும் இருக்கலாம். விடியற்காலையில் காதைத் தீட்டிக்கோங்க!