மோஷன் போகலையா? அந்த இரண்டாவது ஸ்பூனுக்கு முன்னால் இதைப் படிங்க!

மூன்று நாளாக மோஷன் போகவில்லை. மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கி ராத்திரி குடிக்கிறோம். காலையில் ஒன்றும் நடக்காவிட்டால், இன்னும் ரெண்டு ஸ்பூன்! சிக்கலே அங்கேதான்.

மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப், குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்து வேலை செய்கிறது. பலன் தெரிய 1 முதல் 2 நாள்கள் ஆகும். அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் வற்றிவிடும்.

பிசாகோடைல் மாத்திரை வேறு ரகம். குடலைத் தூண்டிவிட்டு 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். அதைப் பாலோடு விழுங்கவே கூடாது (ராத்திரி பால் குடிக்கிறவர்கள் கவனிக்க). மாத்திரையின் மேல்பூச்சு இரைப்பையிலேயே கரைந்து வயிற்றைப் புரட்டும். இசப்கோல் என்றால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கட்டாயம்; இல்லாவிட்டால் அதுவே தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

கடுமையான வயிற்றுவலி, வாந்தி, காற்றுகூடப் பிரியாத நிலை, மலத்தில் ரத்தம்... இதில் ஒன்று இருந்தாலும் மருந்தைத் தொடாமல் டாக்டரிடம் போய்விடுங்கள். ஒரு வாரம் தாண்டியும் மருந்து தேவைப்பட்டாலும் அப்படித்தான். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதல் டோஸே டாக்டரைக் கேட்டுத்தான். போகும்போது, சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரைகூட மலத்தை இறுக்கும்.