கடலைத் தொட்டதும் தப்பித்துவிட்டதா ஆமைக்குஞ்சு? உயிர்ப்போராட்டமே அதன் பிறகுதான்!

மணலில் தத்தித் தத்தி வரும் ஆமைக்குஞ்சை அலை வந்து அள்ளிக்கொண்டு போகும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். வீடியோ அங்கேயே முடிந்துவிடும். நாமும் ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போய்விடுவோம். ஆனால், அந்தக் குஞ்சுக்கு நிஜமான ஆபத்து ஆரம்பிப்பதே அங்கேதான்.

பவளத்திட்டில் காத்திருக்கும் பசி

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் இருக்கிறது ஹெரான் தீவு. பச்சை ஆமைகள் முட்டையிடும் குட்டித் தீவு இது. ஒரு குழியில் 100 முட்டைகளுக்கு மேல் இருக்கும். சுமார் இரண்டு மாதங்களில் குஞ்சுகள் பொரிந்து, பெரும்பாலும் இரவில் மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். ஒவ்வொன்றும் நம் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான்.

தீவைச் சுற்றி ஆழமில்லாத பவளத்திட்டு. அதைத் தாண்டினால்தான் ஆழ்கடல். அந்தத் திட்டில் களவா, சங்கரா குடும்பத்து மீன்கள், சுறாக்கள் எல்லாம் இரை தேடிக்கொண்டிருக்கும்.

தங்கூசி கட்டிய ஆராய்ச்சி

இந்தப் பயணத்தில் எத்தனை குஞ்சுகள் பிழைக்கின்றன? எம்மா கியூரிஸ் என்ற ஆய்வாளர் இதை நேரடியாகவே கணக்கிட்டார். தூண்டிலில் கட்டுவோமே தங்கூசி, அதுபோன்ற 10 மீட்டர் நைலான் நரம்பைக் குஞ்சுகளில் கட்டி, ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார். 1994-ல் முடிவுகள் வெளியாயின.

கரையிலிருந்து பவளத்திட்டின் விளிம்பை அடைவதற்குள் சராசரியாக 31 சதவிகிதக் குஞ்சுகள் மீன்களுக்கு இரையாகியிருந்தன. அதாவது, பத்தில் மூன்று. மணலில் நண்டுக்கும் பறவைக்கும் பலியாவதைவிட, நீரில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் போகும் உயிர்கள்தான் அதிகம்.

ஆனால், எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. சில சோதனைகளில் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. சிலவற்றில் 85 சதிவிகிதம் வரை காலி! வித்தியாசத்துக்குக் காரணம் இரண்டு: கடலின் ஏற்ற இறக்கம், நிலா வெளிச்சம். நீர் வற்றியிருக்கும்போது குஞ்சும் மீனும் குறுகிய இடத்தில் மாட்டிக்கொள்கின்றன. நீர் ஏறிய அமாவாசை இருட்டில், கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்களுக்குக் குஞ்சுகள் எளிதில் சிக்குவதில்லை.

நிற்காமல் நீந்து

குஞ்சுகளிடம் இருக்கும் ஒரே ஆயுதம் வேகம். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் எரிபொருள். அதை வைத்துக்கொண்டு, முதல் 24 மணி நேரம் ஏறக்குறைய ஓய்வே இல்லாமல் ஆழ்கடலை நோக்கி நீந்தும். அந்தச் சக்தியை வழியில் வீணடித்தால் திரும்பக் கிடைக்காது.

நம் பங்கு என்ன?

மீன்களைக் குற்றம் சொல்ல முடியாது. அதுவும் சாப்பிட வேண்டுமே! இந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஆமைகள் இத்தனை முட்டைகளை இடுகின்றன. ஆனால், அந்தக் கணக்கில் நம் வீட்டு லைட் கிடையாது.

வெளிச்சமான திசைதான் கடல் என்று குஞ்சுகள் நம்புகின்றன. கரையில் விளக்கு எரிந்தால், சாலைப் பக்கம் திரும்பிவிடும். கடலில் இறங்கிய பிறகும் விளக்கு இழுக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் குஞ்சுகளுக்கு ஒலிக்கருவி பொருத்திப் பார்த்தபோது, விளக்கு இருந்தால் அவை கரையோரத்திலேயே அதிக நேரம் சுற்றியது தெரிந்தது. மீன்கள் இருக்கும் இடத்தில் கூடுதலாகச் செலவழியும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து.

நம் சென்னைக் கடற்கரைக்கும் இது பொருந்தும். இங்கே பவளத்திட்டு இல்லை. ஆனால் விளக்குகளுக்குக் குறைவில்லை. பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தன்னார்வலர்கள் 1980-களின் இறுதியிலிருந்து இரவு இரவாக நடந்து சேகரித்து, பொரிப்பகங்களில் பாதுகாக்கிறார்கள். குஞ்சுகளைத் தினமும் ஒரே இடத்தில் விட்டால் மீன்கள் அங்கே வந்து கூடிவிடும் என்பதால், இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றி விடச் சொல்கிறார்கள் நிபுணர்கள்.

அடுத்த முறை ஆமைக்குஞ்சு விடுவதைப் பார்க்கப் போனால், செல்போன் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கடற்கரையோரம் வீடு இருந்தால், சீசன் முடியும்வரை கடல் பக்கத்து லைட்டை அணைத்து வையுங்கள். அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு நம்மால் கொடுக்க முடிந்தது கொஞ்சம் இருட்டுதான்!