மின்தடையிலும் முட்டை பொரிக்க சைன் வேவ் இன்வெர்ட்டர்

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் உற்பத்தி தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் மின்சாரம் தருகிறது. ஆனாலும் எண்ணூர், திருவொற்றியூர், மீஞ்சூர் வட்டாரத்துக்கு மின்தடை புதிதல்ல. 2016 டிசம்பரில் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் இப்பகுதியை இருளில் ஆழ்த்தின.

விளக்கு இல்லாமல் ஓரிரவு சமாளிக்கலாம். குஞ்சு பொரிப்பானில் உள்ள முட்டை பொறுக்காது. 21 நாளும் சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பல மணி நேரம் குளிர்ந்தால் பொரிப்பு குறையும். போட்ட முதலும் போகும்.

எப்படி வேலை செய்கிறது?

மலிவான இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. அதில் மின்விசிறி இரையும், மோட்டார் சூடேறும். சைன் வேவ் இன்வெர்ட்டர், மின்வாரியம் தருவது போன்ற சீரான அலையைத் தரும். இதில் மைக்ரோ கன்ட்ரோலர் என்ற சிறு சில்லுதான் மூளை. அது மாஸ்ஃபெட்டுகளை நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, 50 ஹெர்ட்ஸ் அலையை உருவாக்குகிறது. டிரான்ஸ்பார்மர் அதை 230 வோல்ட்டாக உயர்த்துகிறது. கரண்ட் வந்ததும் அதே டிரான்ஸ்பார்மர் வழியே பாட்டரி சார்ஜ் ஆகும்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. பாட்டரி நீடித்து உழைக்கப் பாதியை மட்டும் எடுக்க வேண்டும். இழப்புப் போக, 100 வாட் பொரிப்பானும் 20 வாட் விளக்குகளும் சுமார் 6 மணி நேரம் ஓடும். பாசன மோட்டாரை இதில் ஓட்ட நினைக்கக் கூடாது. 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். கிளம்பும்போது மோட்டார் அதைப் போல் பல மடங்கு இழுக்கும்.

சார்ஜ் செய்யும் முறை

150 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 15 ஆம்பியர் போதும். சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிரம்பியபின் 13.6 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். சுமையுடன் 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால் இன்வெர்ட்டர் தானே நிற்கும்படி அமைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* முதல் சோதனையில் பாட்டரிக் கம்பியில் கார் ஹெட்லைட் பல்பைத் தொடராக இணையுங்கள். தவறு இருந்தால் பல்பு பளீரென எரியும், மாஸ்ஃபெட் தப்பும்.

* சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றோட்டமான இடத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். அருகில் பீடி, விளக்கு கூடாது.

* உப்புக்காற்று முனைகளை அரிக்கும். துடைத்து வாசலின் தடவுங்கள். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுங்கள்.

* இன்வெர்ட்டர் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குத் திரும்பிப் போகவே கூடாது. தெரு டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட் வரை உயர்த்திவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிர் போகும். இரு கம்பிகளையும் பிரிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே பொருத்துங்கள்.

மின்னணு வேலை தெரிந்த இளைஞர் வீட்டில் இருந்தால், சென்னை ரிச்சி தெருவில் உதிரிப்பாகங்கள் வாங்கிக் கோக்கலாம். மற்றவர்கள் ஆயத்தமானதையே வாங்கலாம். எதுவானாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.