அண்ணி வாங்கிய 57 மார்க்!

"அவர் எப்படி இருக்கார்?"

2023-ல் எங்கள் வீட்டுக்கு வந்த போன்களில் எல்லாம் இதே கேள்விதான். அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து, சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்தோம். விழுப்புரத்திலிருந்து பெரியப்பா, திருச்சியிலிருந்து மாமா, அண்ணனின் ஆபீஸ் நண்பர்கள்... எல்லோரும் அண்ணனைத்தான் விசாரித்தார்கள். போனைக் காதில் வைத்திருந்த அண்ணியிடம், "நீ எப்படிம்மா இருக்கே?" என்று ஒரு ஆத்மா கேட்கணுமே... ம்ஹூம்! அந்தக் கேட்காத ஆத்மாக்களில் அடியேனும் சேர்த்தி.

ஸ்டெம் செல் மாற்று என்றதும் பெரிய ஆபரேஷன் என்று நினைத்து, தியேட்டர் வாசலில் உட்காரத் தயாராகப் போயிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. முதலில் கடுமையான கீமோதெரபி கொடுத்துப் பழைய எலும்பு மஜ்ஜையை ஒழித்துவிடுகிறார்கள். பிறகு, பொருந்தும் ஒருவரின் செல்களை, ரத்தம் ஏற்றுகிற மாதிரியே ஒரு பையிலிருந்து ஏற்றுகிறார்கள். எங்களுக்குத் தங்கையின் செல் பொருந்தியது. (கூடப் பிறந்தவர் முழுசாகப் பொருந்த வாய்ப்பு நாலில் ஒன்றுதான்!) இந்தியாவில் இதை முதலில் செய்தது மும்பை டாடா மெமோரியல், 1983-ல். வேலூர் சி.எம்.சி. 1986-ல் ஆரம்பித்தது.

டிஸ்சார்ஜ் என்றதும் நாங்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம். அண்ணிக்கோ அன்றைக்குத்தான் டியூட்டியே ஆரம்பம். முதல் 100 நாள் ரொம்ப முக்கியம். வார்டில் மூன்று ஷிப்ட் நர்ஸுகள் பார்த்த வேலையை, வீட்டில் ஒரே ஆள் இரவு பகலாகப் பார்க்கணும். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை சைக்ளோஸ்போரின். மருந்தின் அளவைப் பரிசோதிக்கிற நாளில் மட்டும், ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. பச்சைக் காய்கறி கூடாது. பூ கூடாது. தொட்டிச் செடி கூடாது. தெர்மாமீட்டர் 100.4-ஐத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடணும். அதனால் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அண்ணனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார் அண்ணி. அண்ணன் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவார். அண்ணி?

பூ, பழம், விபூதியோடு வாசலில் வந்து நின்ற சொந்தங்களை உள்ளே விடாததற்கு 'திமிர் பிடிச்சவ' பட்டம் வேறு!

ஒருநாள், செருப்பை விட்ட இடம் சரியில்லை என்று அண்ணி என்னை வறுத்தெடுத்துவிட்டார். அதுவரை என்னை அதட்டிக்கூடப் பேசியதில்லை. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அடுப்படியில் நின்று அழுகிறார்.

"அவர்கிட்டே கோபப்பட முடியுமா தம்பி? டாக்டர்கிட்டே முடியுமா? கையிலே ஆப்ட்டது நீங்கதான்!"

அடுத்த செக்கப்பில் அண்ணியின் முகத்தைப் பார்த்த நர்ஸம்மா, அண்ணனை விட்டுவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டார். நேராக கவுன்சலரிடம் அனுப்பினார்.

கவுன்சலர் அம்மா ஒரு கேள்வித்தாளை நீட்டினார். ஸாரிட் என்கிற அமெரிக்க உளவியல் நிபுணரும் சகாக்களும், மறதி நோய் வந்த பெரியவர்களைக் கவனிப்பவர்களுக்காக 1980-ல் தயாரித்ததன் சுருக்கம். 22 கேள்விகள். உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, நோயாளி மேல் கோபம் வருகிறதா, இன்னும் செய்திருக்கலாமே என்று உறுத்துகிறதா... இந்த ரீதியில். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 4 வரை. மொத்தம் 88. மார்க் ஏற ஏற சுமை அதிகம் என்று அர்த்தம்.

அண்ணி எடுத்தது 4!

கவுன்சலர் அம்மா, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளியிலே உட்காருங்களேன்" என்றார். மறுபடி எழுதியதில் 57. நான் பி.காம். படித்தவன். இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் இரண்டாவது கணக்கைத்தான் சந்தேகப்படுவேன். இங்கே முதல் கணக்குதான் பொய்க்கணக்கு.

உள்ளே என்ன பேசினார்கள் என்பதை அண்ணி பல வாரம் கழித்துத்தான் சொன்னார். "ஒருநாள் ராத்திரி, எப்படியோ இது முடிஞ்சாப் போதும்னு தோணிடுச்சு தம்பி. எப்படியோன்னா... உங்களுக்குப் புரியும். பாவின்னு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்." அதற்கு அந்த அம்மா, "அது நீங்க பேசலே, உங்க களைப்பு பேசுது. இந்த நாற்காலியிலே உட்கார்ந்து நிறைய பேர் இதைச் சொல்லியிருக்காங்க" என்றாராம். அன்றைக்கு ராத்திரிதான் அண்ணி அசந்து தூங்கினார்.

மருந்துச் சீட்டு எனக்கு! போன் எல்லாம் இனி என் பொறுப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி தெர்மாமீட்டர் என் கையில். வியாழக்கிழமை மத்தியானம் நாலு மணி நேரம் அண்ணிக்கு லீவு. முதல் லீவில் எங்கே போவதென்று தெரியாமல், மாஸ்க்கோடு திருவான்மியூர் பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப்பில் டீ குடித்துவிட்டு அப்படியே திரும்பி வந்தார். மகளிருக்கு இலவசம் என்பதால் செலவு டீ காசு மட்டும். வந்ததும் குளித்துவிட்டு அண்ணனிடம் போனவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

தங்கை கதை தனி. அண்ணனுக்குத் தோலில் தடிப்புகள் வந்தபோது, புதிய செல்கள் உடம்பையே அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன என்றார்கள். "என் செல்தானே அண்ணனைக் கடிக்குது!" என்று இவள் சாப்பிடவே இல்லை. மிச்சமிருக்கிற புற்றுச் செல்களை வேட்டையாடுவதும் அதே செல்கள்தான் என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் தட்டில் கை வைத்தாள்.

பல ஆஸ்பத்திரிகளில் இப்படி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் இதற்கென்று தனித் துறையே உண்டு. ஆனால், நாம் கேட்கணும். வெளியூரில் இருந்தால் 14416. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அண்ணன் இப்போது ஆபீஸ் போகிறார். அந்தக் கேள்வித்தாளில் அண்ணி என்ன எழுதினார் என்று அவர் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. இதை எழுதலாமா என்று அண்ணியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எழுதுங்க தம்பி. அவரும் படிக்கட்டும்."